ஆரியா தண்டல் மகன்

இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை நான் திருப்பியிருக்கவே கூடாது. வாசல்ல பன்னீர் தெளிச்ச பொண்ணு கையில குடுத்த புஸ்தகம் ரெண்டு கிலோ இருக்கும், அதை மடியில வச்சுக்கிட்டு இந்தப் புஸ்தக வெளியீட்டு விழாவுல, ஓட்டல் ஏசியில செவனேன்னு உக்காந்திருக்கலாம், எழுபத்தோரு வயசுல மனுசனுக்கு வேற என்ன வேணும், ஆனா கை சும்மா இருந்தாத்தானே, கண்ணாடியைத் துடைச்சு மாட்டி பின்பக்கத்துப் பேர்ப்பட்டியல்ல மச்சாடோன்னு தேடிச்சு, கபிரியேல் மச்சாடோ, எங்கப்பா பேரு, பக்கத்துல ஒரே ஒரு எண். வின்ஸ்கோம்ப் குடும்பமும் கடலும், நூற்றைம்பது ஆண்டுகள்னு அட்டையில தங்க எழுத்து. அந்த நூத்தைம்பது வருசத்துல எங்கப்பாவுக்கு இங்கிலீசுல ஒன்றரை வரி. தூத்துக்குடியில 1949 மார்ச்சுல எலினார் கப்பல்லேருந்து மில்லு மிசின் பெட்டி இறக்கும்போது, கபிரியேல் மச்சாடோங்கிற உள்ளூர்த் தண்டல் குடிபோதையில ஆரியான்னு தப்பான கட்டளை குடுத்ததால மூணு கூலிகள் செத்தாங்களாம். செத்தவங்களுக்குப் பேரு கிடையாது. அடுத்த பத்தியிலேருந்து அவங்க வீட்டு நாயி, டச்சஸாம், கொடைக்கானல் மலையில காணாமப்போயி பதினோரு நாள் கழிச்சுத் திரும்பி வந்த கதை, மூணு பக்கம், போட்டோவோட. நாய்க்குப் பேரு இருக்கு. குடிபோதையிலயாம். எங்கப்பா ஆயுசுல குடிச்சது சுக்குக் கசாயம், அதுவும் மூக்கைப் பொத்திக்கிட்டு. அடப்பாவிகளா, இவ்வளவு காகிதம் இருக்கே, ஒரு நல்ல வரி எழுத இடமில்லாமலா போச்சு. காலையில பிரசர் மாத்திரை போட்டேனா இல்லையா, போட்டேன், என் வீட்டுக்காரி பிரகாசி தண்ணி கொண்டுவந்து குடுத்தா, போட்டேன். எனக்கு ரெண்டு வரிசை முன்னால ரெஜினா அக்கா உக்காந்திருக்கு. புதுச்சேலை, விறைப்பா நிக்குது தோள்ல. அந்த மூணு கூலியில ஒருத்தர் மகள். நாந்தான் கூட்டிட்டு வந்தேன், இன்னைக்கு உண்மை தெரியும் வாங்கக்கான்னு. இப்போ திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்குது, நானும் சிரிச்சு வைக்கிறேன்.

ரெண்டே ரெண்டு வார்த்தை. எங்க துறைமுகத்துல ஆரியான்னா இறக்கு, ஆபீஸ்னா தூக்கு. போர்த்துகீசியன் விட்டுட்டுப் போனதுன்னு சொல்லுவாவ, எவன் விட்டுட்டுப் போனா என்ன, சுமை தொங்குற இடத்துல அதுதான் வேதம். கீழ தோணியில நிக்கிற தண்டல், அதாவது தோணிக்குத் தலைவன், ஆபீஸ்னு கத்தினா மேல கப்பல்ல சுமை தூக்குற விஞ்சு மிசினை ஓட்டுறவன் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கணும், ஆரியான்னா இறக்கணும், ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது. அன்னைக்கு எலினார் கப்பல் அஞ்சு மைல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது. பெட்டி பாதி இறங்கிருச்சு, ஒரு பக்கத்துச் சங்கிலி நழுவுது, கீழ மூணு பேரு, ரெஜினா அக்கா அப்பா சீமோன் மாமா அதுக்கு நேர் அடியில. எங்கப்பா கத்தியிருக்காரு, ஆபீஸ், ஆபீஸ், ஆபீஸ்னு. மூணு தடவை. ஆனா அன்னைக்கு விஞ்சுல நின்னது விஞ்சுக்காரன் இல்லை. சின்ன தொரை. கம்பெனி முதலாளி வின்ஸ்கோம்ப் மகன், சீமையிலேருந்து வந்து ஒம்பது நாள், இருபத்திரெண்டு வயசு, நான் ஓட்டிப் பாக்குறேன்னு விஞ்சுக்காரனைச் சுருட்டுப் பிடிக்க அனுப்பிட்டு லீவரைப் பிடிச்சிருக்கான். ஆபீஸ்னு காதுல விழுந்ததும் அவனுக்குத் தெரிஞ்சது ஒரே ஆபீஸ்தானே, அவங்கப்பன் ஆபீஸு. கரையிலேருந்து ஆபீஸ் லாஞ்சுப் படகு வருதாக்கும், அப்பா பாத்தா திட்டுவாருன்னு கழுத்தைத் திருப்பிக் கரைப் பக்கம் பாத்திருக்கான். அவ்வளவுதான். திரும்பின கழுத்து மறுபடி இந்தப் பக்கம் வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வேற எந்தத் துறைமுகத்துல வேற எந்த வார்த்தை இருந்திருந்தாலும் அந்தப் பய முழிச்சிட்டாவது நின்னிருப்பான். இதை எங்கப்பா ரொம்ப காலம் எனக்குச் சொல்லவே இல்லை. பத்தொம்பது வயசு வரைக்கும் நானும் ஊரோட சேந்து அவரைக் குடிகாரன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

கம்பெனி சொன்னதை நம்பி ஊரு அவருக்குப் பேரு வச்சிருச்சு, ஆரியா தண்டல். நான் ஆரியா தண்டல் மவன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரே வருகைப் பதிவுல எம் பேரைத் தாண்டிட்டு, எங்கடே ஆரியான்னு கேப்பாரு. அப்பா அதுக்கப்புறம் தோணி ஏறல, கம்பெனிச் சரக்குக் கிட்டங்கியில காவல். மாதா கோவில் தேர்வடத்தைத் தொடல, தொடாதேன்னு ஒருத்தரும் சொல்லல, இவரே தூரமா நின்னுக்கிட்டாரு. சீமோன் மாமா வீட்டுக்காரி எதுக்க வந்தா இவரு சந்துல திரும்பிருவாரு. ஒருநாள், எனக்குப் பன்னெண்டு வயசு, எதுக்கோ என்னை அடிக்கக் கை ஓங்கினாரு, சட்டை கிழிஞ்சதுக்கு, ஆமா சட்டைதான், நான் தெருவுல ஓடி நின்னுக்கிட்டு, போய்யா ஆரியா, மூணு பேரைக் கொன்ன கையி தானே, என்னையும் கொல்லுன்னு கத்தினேன். தெருவே பாத்துச்சு. ஓங்கின கை கீழ இறங்கிச்சு. அந்த இறங்கின கையை நான் எத்தனை தடவை பாத்துட்டேன், குளிக்கையில, பூசையில, பஸ்சுல, இப்போ இந்த மேடையில எவனோ மாலையை இறக்கி வைக்கும்போது. பத்தொம்பது வயசுல எனக்குக் கம்பெனியில கிளார்க் வேலை தானா வந்துச்சு. அப்பா டிரங்குப் பெட்டியிலேருந்து ஒரு கவரை எடுத்தாரு. லே லாசரு, இங்கிலீசு வருதுல்லா, இதுல எழுதியிருக்கிறது அவுக சொன்ன மாதிரிதான் இருக்கான்னு வாசிச்சுச் சொல்லு. சின்ன தொரையோட அப்பா, பெரிய தொரை, கைப்பட எழுதினது. கபிரியேல் சரியான வார்த்தையைத்தான் சொன்னான், என் மகனுக்கு அந்த வார்த்தை தெரியாது, அவன் ஆபீஸைத் தேடித் திரும்பிப் பார்த்தான், கபிரியேல் குடித்திருக்கவில்லை, என் மகன் உயிரோடு இருக்கும்வரை இதை யாருக்கும் காட்டுவதில்லை என்று அவன் மாதாமேல் வாக்குக் கொடுத்திருக்கிறான். பதிமூணு வருசம் அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே காவல் காத்திருக்காரு மனுசன். நான் வாசிச்சு முடிச்சேன். இருக்குப்பான்னேன். அப்போ சரின்னு கவரை வாங்கி மறுபடி பெட்டியில வச்சிட்டாரு. ஏம்ப்பா இப்படிச் செஞ்சீயன்னு கேட்டேன். செத்தவன் மூணு பேரும் வரப்போறதில்லை, உனக்கு ஒரு மேசை நாற்காலி தாரேன்னாரு தொரை, உன்னைக் கடலுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருந்துச்சுடே. அந்த நாற்காலியிலதான் நான் உக்காந்தேன். அந்த நாற்காலியைக் காட்டித்தான் பிரகாசியைக் கட்டினேன். யாரைக் குத்தம் சொல்ல.

சின்ன தொரை எண்பத்திரெண்டு வயசு இருந்துதான் போனான், நல்லா இருக்கட்டும். எங்கப்பா அதுக்கு முப்பத்தெட்டு வருசம் முந்தியே போயிட்டாரு, ஆரியா தண்டலாவே போயிட்டாரு. அப்புறம்தான் இந்தப் பிள்ளை வந்துச்சு, சின்ன தொரை மகள், எலினார். அவங்க வீட்டுல கப்பலுக்கெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க பேரு, பொம்பளைங்களுக்கெல்லாம் கப்பல் பேரு, எது முந்தினதுன்னு அவங்களுக்கே தெரியாது. குடும்பத்து வரலாறு எழுதுறேன், பழைய ஆளுங்களைத் தேடுறேன் அங்கிள்னு வந்து நின்னுச்சு. வெயில்ல முகம் செவசெவன்னு இருந்துச்சு, பாவமா இருந்துச்சு, பிரகாசி இளநி வெட்டிக் குடுத்தா. அஞ்சு நாள் எங்க வீட்டுலதான் மத்தியானச் சாப்பாடு. சம்மணம் போட்டு உக்காந்து, கையால பிசைஞ்சு, சீலா மீன் குழம்பை ரெண்டாந் தடவை கேட்டு வாங்கித் தின்னுச்சு. மூக்குல தண்ணி வடியுது, இன்னும் வேணுங்குது. எனக்கு மகள் இல்லை. அஞ்சாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அது கடிதத்தை வாசிச்சு அழுதுச்சு, நெசமாத்தான் அழுதுச்சு, அதுல நடிப்பு இல்லை, என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு, அங்கிள் இதை உலகம் படிக்கும், முழுக் கடிதமும் படம் பிடிச்சு ஒரு பக்கம் முழுக்கப் போடுறேன், சத்தியம்னுச்சு. கடிதத்தைக் கையோட கேட்டுச்சு, லண்டன்ல நல்ல மிசின்ல எடுத்தாத்தான் தெளிவா வருமாம். பிரகாசி அடுப்படிக்குக் கூப்பிட்டா. இங்கேருங்க, குடுக்கிறது குடுங்க, முக்குல போயி ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடுங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. வீட்டுல சோறு தின்ன பிள்ளை கிட்ட, கண்ணுல தண்ணியோட நிக்கிற பிள்ளை கிட்ட, இரும்மா உன்மேல நம்பிக்கை இல்லை, நகல் எடுத்துட்டு வாரேன்னா சொல்லுவான் மனுசன்? மரியாதைன்னு ஒண்ணு இல்லையாடின்னேன். ஆமா மரியாதை. நாப்பது வருசம் கப்பல் காகிதம் பாத்தவன், ஒரு துண்டுச் சீட்டுக்கு மூணு நகல் வைக்கிறவன், சொந்த அப்பன் காகிதத்துக்கு நகல் வைக்கல. கையில இருந்த வெண்ணெயை நானே தூக்கிக் குடுத்துட்டேன். நன்றிப் பக்கத்துல எம் பேரு இருக்கு, அதையும் பாத்துட்டேன். லாசர் மச்சாடோ தம்பதிக்கு, அவர்களுடைய மறக்க முடியாத மீன் குழம்புக்காக. இதை நான் பிரகாசிகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல.

மேடையில அவங்க அண்ணன் ரிச்சர்டு பேசி முடிச்சு உக்காந்துட்டான், அவனும் அந்தச் சின்ன தொரை மகன்தான், அதே நீளக் கழுத்து. முதல் வின்ஸ்கோம்ப் ஒத்தைப் பாய்க்கப்பல்ல கரி ஏத்தினாராம், ரெண்டாவது வின்ஸ்கோம்ப் நீராவிக் கப்பல் வாங்கினாராம், மூணாவது வின்ஸ்கோம்ப் நம்ம ஊருக்கு வந்தாராம், ஊரு வாயில வின்ஸ்கோம்ப் நுழையாம விஞ்சுக் கம்பெனின்னு ஆச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்கள் குடும்பத்தின் சொத்து கப்பல் இல்லை, வாக்கு தவறாமைங்கிறான். கைதட்டு. ரெஜினா அக்காவும் தட்டுது, இங்கிலீசு தெரியாது, எல்லாரும் தட்டுறாங்களேன்னு. போன ஞாயித்துக்கிழமை அது வீட்டு வாசல்ல போயி நின்னேன். அறுபத்தஞ்சு வருசத்துல எங்க வீட்டு ஆளு அந்த வாசல்ல நின்னது அதுதான் முதல் தடவை. உக்காருன்னு சொல்லல. எங்கப்பா குத்தவாளி இல்லைக்கா, புஸ்தகம் வருதுன்னேன். எழுத்துல இருந்தா வாரேன், வாய்ப்பேச்சுன்னா வேண்டாம், வாய்ப்பேச்சு கேட்டுக் காது புளிச்சுப் போச்சுன்னுச்சு. எழுத்துல இருக்குக்கான்னேன். எவ்வளவு தைரியம் எனக்கு. இப்போ எலினார் மேடையை விட்டு இறங்கி ஒவ்வொரு வரிசையா கை குடுத்துட்டு வருது, சேலை கட்டியிருக்கு, பின்னு ஒண்ணு கழண்டு தொங்குது. என் பக்கத்துல குனிஞ்சு அங்கிள்ங்குது. நான் புஸ்தகத்தை அந்தப் பக்கத்துல திறந்தபடியே நீட்டினேன். என்னம்மா இதுன்னேன். அதுக்கு முகம் வெளுத்துருச்சு. மெல்லமாச் சொல்லிச்சு, அப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சிட்டிருந்தாரு அங்கிள், அவரைப் பத்தி நான் எப்படி எழுதுவேன், அண்ணனுக்கு எதுவுமே தெரியாது. எனக்கும் ஒரு அப்பா இருந்தாரும்மான்னேன். கடிதம் எங்கேன்னேன். லண்டன்ல பத்திரமா இருக்கு, ப்ளீஸ் அங்கிள், இன்னைக்கு மட்டும். இன்னைக்கு மட்டுமாம்! எங்கப்பாவும் இன்னைக்கு மட்டும்னுதான் நினைச்சிருப்பாரு. என் தோளைத் தட்டிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருச்சு. அந்தப் பின்னு யாரு காலையாவது குத்தப்போகுதுன்னு நினைச்சேன்.

எந்திரிச்சு வெளிய போயிரலாம். யாரு கேக்கப்போறா, வயசான ஆளு, ஒண்ணுக்குப் போறாருன்னு நினைப்பாங்க. ஆனா ரெஜினா அக்காவை விட்டுட்டுப் போறதா, இல்லை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதா, ஆட்டோவுல என்ன சொல்ல, அச்சடிச்சவன் மறந்துட்டான்னு சொல்லவா. வாய்ப்பேச்சு. நிகழ்ச்சி நடத்துற தம்பி, கோட்டுப் போட்டவரு, அதுக்குள்ள வந்துட்டாரு. சார் அடுத்து நீங்கதான், மேடையில எலினார் கப்பல் படம் துணி போட்டு மூடியிருக்கு பாருங்க, கயித்துல வியாகுலம்னு ஒரு பழைய விஞ்சுக்காரரை நிறுத்தியிருக்கோம், நீங்க மைக்ல பழைய மாதிரி ஆரியான்னு ஒரு குரல் குடுங்க, அவரு கயித்தை விடுவாரு, துணி அப்படியே கீழ இறங்கும், சூப்பரா இருக்கும் சார், அப்புறம் பொன்னாடை. யாரு சொன்னா ஆரியான்னு கத்தச் சொல்லின்னு கேட்டேன். புஸ்தகத்துலயே இருக்கே சார், அந்த வார்த்தைங்கிறாரு. ஏ மாதாவே. எங்கப்பா வாயில இவனுக திணிச்ச வார்த்தையை இப்போ என் வாயிலயும் திணிக்கப் பாக்குறானுக, அதுவும் ரெஜினா அக்காவுக்கு நேரா நிக்க வச்சு. ஒரு தடவை நானே தெருவுல நின்னு கத்தியாச்சு, பன்னெண்டு வயசுல. கத்தினதுக்குக் கூலியா வாழ்நாள் பூரா அந்தக் கையைப் பாத்தாச்சு. படி நாலு இருக்கு, தம்பி கையைப் பிடிச்சு ஏத்திவிடுறாரு. இருக்கிறது என்ன எங்கிட்ட, கடிதமா, நகலா, ஒண்ணும் இல்லை. தொண்டை இருக்கு. மச்சாடோ தொண்டை, அஞ்சு மைலுக்குக் கேக்கும்னு அப்பாவைச் சொல்லுவாவ. வெளிச்சம் கண்ணுல அடிக்குது, எதுவும் தெரியல, ரெஜினா அக்கா சேலை மட்டும் தெரியுது.

மைக்கைக் குடுத்தாங்க. வியாகுலம் அண்ணன், எண்பதை நெருங்குது வயசு, கயித்தைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு என்னையே பாக்குறாரு, பழைய பழக்கம், தண்டல் வாயைத்தான் பாக்கணும். வாயைத் திறந்தேன். ரெண்டு வார்த்தைக்கும் முதல் எழுத்து ஆ தான். ஆ வந்துருச்சு, அது ரொம்ப நேரம் நின்னுச்சு, அப்புறம் என்னோட குரல் மாதிரியே இல்லாத ஒரு குரலு, ஆபீஸ்! ஆபீஸ்! ஆபீஸ்! மைக்கு கிறீச்சுன்னு கத்திச்சு. வியாகுலம் அண்ணன் யோசிக்கவே இல்லை. கயித்தை விடச் சொல்லித்தான் அவருக்குப் பாடம் சொல்லியிருந்தாங்க, ஆனா கை இழுத்துருச்சு, ஒரே இழுப்பு, துணி விருட்டுன்னு மேல ஏறி உருளையில மாட்டி நின்னுருச்சு. கப்பல் தெரியல. படத்தோட அடிப்பக்கம் மட்டும் தெரிஞ்சுச்சு, தண்ணி, ஒரு தோணி, அதுல எறும்பு மாதிரி நாலு ஆளு. ரிச்சர்டு நாற்காலியில நிமிந்தான். ஆபீஸா, எந்த ஆபீஸ்னு கேட்டுக்கிட்டே அந்த நீளக் கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பாத்தான்.

அந்தத் திரும்பலை நான் பாத்துட்டேன். பாக்கக் கிடைக்காதுன்னு நினைச்சிருந்தது. மைக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், தமிழ்லயே சொன்னேன், அன்னைக்கு எங்கப்பா கபிரியேல் தண்டல் சொன்னதும் இதே வார்த்தைதான், அன்னைக்கு விஞ்சுல நின்னது இவங்கப்பா, அவரும் இப்படித்தான் ஆபீஸைத் தேடித் திரும்பிப் பாத்தாரு, கீழ சீமோன் மாமா இருந்தாரு. அப்புறம் இங்கிலீசுல எலினார் பக்கம் திரும்பி, அண்ணன் கேக்குறாருல்லம்மா எந்த ஆபீஸ்னு, நீங்களே சொல்லுங்க, உங்ககிட்ட எழுத்துல இருக்குன்னேன். ரிச்சர்டு தங்கச்சியைப் பாக்குறான். அது கீழ பாத்துச்சு, சேலையில தொங்குற பின்னைப் பிடிச்சுத் திருகிக்கிட்டே இருந்துச்சு, கழுத்துலேருந்து காது வரைக்கும் செவந்து போச்சு. கோட்டுத் தம்பி மைக்கைப் பிடுங்க வந்தாரு. அதுக்குள்ள ரெஜினா அக்கா எந்திரிச்சுருச்சு. முன் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வியாகுலம் அண்ணனைக் கேக்குது, ஏன்யா, இறக்கத்தானே சொன்னாங்க உம்மை, எதுக்கு மேல இழுத்தீரு? அவரு கயித்தை இன்னும் விடாம, ஆபீஸ்னா தூக்கத்தானேம்மா செய்யணும், வேற என்ன செய்யன்னாரு. அது தலையை ஆட்டிச்சு. அப்புறம் எலினாரைப் பாத்துச்சு. அந்தப் பிள்ளை நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் பாத்துச்சு அக்கா, புஸ்தகத்துல ஒரு பக்கத்தை மேலேருந்து கீழ வாசிக்கிற மாதிரி. நான் மைக்கை விட்டுட்டேன். அக்கா, எழுத்துல இருக்குன்னு சொன்னேன், ஆனா அந்தக் காகிதம் எங்கிட்ட இல்லைக்கா, ஏமாந்துட்டேன், இந்தப் புஸ்தகத்துலயும் இல்லைன்னேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அக்கா கையைத் தூக்கி, போதும்ங்கிற மாதிரி காட்டிச்சு.

"இருக்கட்டும் லாசரு. வாசிச்சுட்டேன்."